நாடி மெக்கானிக் கூட்டிய பத்துக் கிலோ

காரைக்காலில் எத்தனை கணவன்மார் தம் மனைவியின் எடையைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பதைத் துல்லியமாக அறிந்த மனிதர் ஒருவரே. அவர் மருத்துவர் அல்லர். அரசலாற்றுப் பாலத்துக்கு இப்பால் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். பழைய எண்ணெயில் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நோய் சொல்வார். அதனால் ஊரார் இட்ட பெயர் 'நாடி'.

எந்த வண்டிக்கும் விசாரணையின்றி அவர் எண்ணெய் ஊற்றியதில்லை.

"வீடு எங்க?"

"கிளிஞ்சல்மேடுண்ணே."

"என்ன ஏத்துவ?"

"ஐஸ் பொட்டி ஒண்ணு, மீன் கூடை ரெண்டு."

"பின்னாடி யாரு?"

"வீட்டுக்காரி. அம்பது கிலோ இருப்பா."

"அறுவதுன்னு வச்சுக்குவோம். இருவது அம்பது ஆயிலுதான் தாங்கும்."

எண்ணெய் டப்பாவில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களில், முதல் எண் குளிரில் எண்ணெய் ஓடும் பாங்கு. பின் எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. சுமையும் சூடும் ஏற ஏறக் கெட்டி எண்ணெய் என்பது அவர் சித்தாந்தம். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வரும் புது வண்டிக்குப் பத்து முப்பது. சொன்ன எடையோடு பத்துக் கிலோ கூட்டுவது எல்லோருக்கும் பொது விதி.

தவறு தன்னுடையது என்று அவர் சொல்லி எவரும் கேட்டதில்லை. அவர் பழுது பார்த்த வண்டி நடுவழியில் நின்றால், கடற்காற்றைக் குறை சொல்வார்.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். திரவங்களின் பாகுநிலை என் தனிப் பாடம். அத்தகைய நான் ஒருநாள், என் மைத்துனர் தம் காருக்கு வாங்கியதில் மிஞ்சிய விலையுயர்ந்த மெல்லிய எண்ணெயை என் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றச் சொல்லி அவர் முன் நின்றேன்.

"சார், இது கார் ஆயிலு. இதுல வழுக்குறதுக்குன்னே மருந்து போட்டிருப்பான். பைக்ல கிளட்ச்சு ஆயிலுக்குள்ளயே முங்கிக் கெடக்கு. புடிக்காது சார்."

"பாகுநிலையைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

"பாடத்துல நீங்க பெரியவங்க. கிளட்ச்சு பாடம் படிக்கலயே சார். என் கையால ஊத்த மாட்டேன்."

வீட்டுக்கு வந்து என் கையாலேயே ஊற்றிக்கொண்டேன்.

நான்காம் நாள் திருமலைராயன்பட்டினத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் விழா, சிறப்புரை அடியேன். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. பாலத்தின் ஏற்றத்தில் இயந்திரம் முழங்கியது. சக்கரமோ தியானத்தில் ஆழ்ந்தது. எவ்வளவு முறுக்கினாலும் ஓசைதான் வளர்ந்தது. மீன் கூடையுடன் மொபெட்டில் வந்த ஓர் அம்மாள், என்னைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தார்.

"என்ன சார், சத்தம் மட்டும் முன்னால போவுது? நீங்க எப்ப வருவீங்க?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன். அங்கே என் பழைய மாணவர்கள் மூவர் தங்கள் வண்டிகளுடன் அமர்ந்திருந்தார்கள். உண்மை வெளிப்பட்டால் அன்று மாலைக்குள் ஊரின் தேநீர்க்கடைகள் அனைத்திலும் என் பாடம் நடக்கும்.

நாடி எண்ணெயை வடித்தார். ஒரு சொட்டைத் தேய்த்தார். கண்ணை மூடினார். பின் திறந்து என்னைப் பார்த்தார். தேர்வறையில் துண்டுச்சீட்டுடன் அகப்பட்ட மாணவனின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"சாரு வண்டிக்கு என்னண்ணே?" என்றான் ஒரு மாணவன்.

"கிளட்ச் பிளேட்டு போயிருச்சு. போன தடவையே நான் பாத்திருக்கணும். என் தப்புதான்."

"அண்ணே, உங்க தப்பா?" மூவரும் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"ஏன், எனக்கு மட்டும் தப்பு வராதா? ஒக்காருங்கடா."

தவறு என்னுடையது. இதை அச்சில் ஒப்புக்கொள்ளவே எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

தகடுகளை மாற்றி, என் வண்டிக்குரிய எண்ணெயை ஊற்றிவிட்டு, "ஒரு தரம் ஓட்டிப் பாக்கணும் சார்" என்றார்.

"பின்னாடி ஏறுங்க. விழாவுக்கே போயிரலாம்."

"அழுக்குச் சட்டை சார்."

"முன்வரிசையில என் பக்கத்துலதான் உக்காரணும்."

கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். நான் கிளம்பவில்லை.

"எத்தனை கிலோ?" என்றேன்.

சற்றே தயங்கி, "அறுவது சார்" என்றார்.

மனத்துக்குள் பத்தைக் கூட்டிக்கொண்டேன். பாலத்தில் வண்டியை மிக மெதுவாகவே ஏற்றினேன்.