ஆபீசர் உட்கார்ந்த இடங்கள்

"அம்மா, கீழ வந்துட்டோம், லிஃப்ட்டுக்கு நிக்கிறோம். கூட ஆபீசரும் வர்றாரு" என்றாள் மகள் போனில்.

"எந்த ஆபீசர்?" கணக்கு டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். "பையன், பையனோட அம்மான்னு ரெண்டு பேரைத்தானே சொன்னே? திடீர்னு மூணாவதா ஒருத்தர்னா நான் என்ன சமைக்கிறது?"

"ஐயோ, ஆபீசர்னா ஆள் இல்லம்மா, நாய். அவர் ஏர்போர்ட்ல மோப்ப நாய் வச்சுத்தானே வேலை பாக்கறார்? அங்க கூண்டுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறாங்களாம். வேற வழியில்லாம கூட்டிட்டு வந்துட்டார். ரொம்ப சாது. வை, லிஃப்ட் வந்துடுச்சு."

மோப்பம் என்ற சொல்லுக்குப் பிறகு டீச்சர் காதில் எதுவும் விழவில்லை. மெல்லத் திரும்பி ஃப்ரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டில், சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில், இருமல் மருந்து அளவில் ஒரு பாட்டில் நின்றது. உள்ளே ஆரஞ்சுப் பாகு. மேலே டீச்சரின் முத்து முத்தான கையெழுத்தில் 'தோள்வலி. யாரும் தொடக்கூடாது' என்று ஒரு சீட்டு.

முப்பத்தொரு வருஷம் கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதியதில் டீச்சரின் வலது தோள் வேலை நிறுத்தம் செய்துவிட்டது. களிம்பு, ஒத்தடம், ஊசி எதற்கும் மசியவில்லை. போன வருஷம் ஓவிய டீச்சர் ஒரு தொட்டிச் செடியைக் கொண்டுவந்து கொடுத்து, "அழகுக்கும் வச்சுக்கலாம், வலிக்கும் வச்சுக்கலாம்" என்று கண்ணடித்தார். கஞ்சாச் செடி. டீச்சர் சட்டம் தெரியாதவர் அல்ல. தோளுக்குத்தான் சட்டம் தெரியவில்லை.

கணவர் வெளியே போகும் நேரமாகப் பார்த்து, இலையை வாட்டி, காய்ச்சி, வடிகட்டி, பாகில் கலந்து வைத்துக்கொள்வார். அளவு விஷயத்தில் கறார். படுக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரே ஒரு ஸ்பூன். முதல் தடவை மட்டும் 'ஒண்ணும் செய்யலையே' என்று இரண்டாவது ஸ்பூனும் விட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை.

காலிங் பெல் அடித்தது.

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பட்டப்பெயர் 'ஸ்கேனர்'. தேர்வு அறையில் பிட் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சட்டைக் கை மடிப்பு, காலுறை, கால்குலேட்டர் மூடி, பேனாவின் வயிறு என்று பிள்ளைகள் ஒளித்து வைக்கும் இடமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒளித்து வைக்கும் பக்கத்தில் அவர் இதுவரை நின்றதில்லை. பாட்டிலை வெடுக்கென்று எடுத்தார். மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. விரலெல்லாம் பிசுபிசுவென்று வழிந்தது. ஹாலுக்கு ஓடி, அலமாரியில் திருத்தி முடித்த விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் அதைச் செருகிவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

பையன் பார்க்க லட்சணமாக இருந்தான். அவன் அம்மா, வெள்ளைத் தலைமுடியும் பெரிய துணிப்பையுமாக, புன்னகையோடு வந்து உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில், காது தரையைத் தொடாத குறையாக, பச்சைச் சட்டை மாட்டிய ஒரு குட்டை நாய்.

"வாங்க வாங்க!" என்றார் டீச்சரின் கணவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'உப்பு எங்கே' என்று கேட்டாலும் நாலு பிளாட்பாரத்துக்குக் கேட்கும். "ஆபீசர்னு பேர் வச்சிருக்கீங்களே, தம்பி?"

"என்னைவிட ஒரு படி மேல் பதவி சார் அவருக்கு. நான்தான் அவருக்கு சல்யூட் அடிக்கணும்."

"என்னென்ன பிடிப்பார்?"

"உள்ள கொண்டு வரக்கூடாததை எல்லாம்" என்றான் பையன். "குரைக்க மாட்டார், பிராண்ட மாட்டார். வாசம் பட்டா, அந்த இடத்துக்கு முன்னாடி போய் உக்காருவார். அவ்வளவுதான்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை. ஆபீசர் எழுந்து, சமையலறைக்குள் நடந்து, ஃப்ரிட்ஜ் முன்னால் போய் உட்கார்ந்தார்.

டீச்சர் ஏப்ரனில் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டார்.

"லீவு நாள்லகூட டியூட்டி" என்று சிரித்துக்கொண்டே பையன் பாக்கெட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நாய்க்குக் கொடுத்தான். "ஃப்ரிட்ஜ்ல ஏதாவது வச்சிருந்தீங்களா ஆன்ட்டி?"

"இல்லியே! தண்ணி இருக்கு. தண்ணிதான் இருக்கு."

"பரவால்ல ஆன்ட்டி. வீட்டுக்குள்ள வச்சிருக்கிறதுக்கெல்லாம் நாங்க கேள்வி கேக்க மாட்டோம்."

பெருந்தன்மையா, மிரட்டலா என்று டீச்சருக்குப் புரியவில்லை. 'காப்பி அடிச்சாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்' என்று அவரே பிள்ளைகளிடம் தேனொழுகச் சொல்லி, பிறகு கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்.

காபி வந்தது. பேச்சு ஆரம்பித்தது. மகள் சிரித்த முகமாக இருந்தாள். நாலு வருஷமாக ஒரு வரனையும் ஏறெடுத்துப் பார்க்காதவள், தானாகத் தேடிக் கூட்டிவந்த பையன். 'அம்மா, இவர் இல்லன்னா எனக்கு வேற யாரும் வேணாம்' என்று சொல்லியிருந்தாள். இந்த நேரம் பார்த்து ஆபீசர் ஹாலுக்குத் திரும்பி, அலமாரியை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"பயணிகளின் கவனத்துக்கு" என்றார் கணவர் உற்சாகமாக. "ஆபீசர் இப்போது இரண்டாவது நிலையத்தில் அமர்ந்திருக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார், உதடு மட்டும்.

"பரீட்சைப் பேப்பர்! பசங்க சாப்பிட்டுட்டு எழுதியிருப்பாங்க. நான் உள்ள கொண்டு போய் வச்சிடறேன்." விடைத்தாள் கட்டோடு பாட்டிலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு ஓடினார். குளியலறை வாசலில் இருந்த வாஷிங் மெஷினைத் திறந்து, பாட்டிலை அழுக்குத் துணிக்குள் புதைத்து, மூடியைச் சாத்தினார்.

திரும்பிப் பார்த்தால் ஆபீசர் பின்னாலேயே வந்து நிற்கிறார். டீச்சரை ஒரு பார்வை, மெஷினை ஒரு பார்வை. உட்கார்ந்தார்.

"போ" என்றார் டீச்சர் அடிக்குரலில். "போங்க. சார், ப்ளீஸ், போங்க சார்."

"அம்மா, யார்கிட்ட பேசற?" மகள் எட்டிப் பார்த்தாள்.

"துணி போடணும்னு நெனச்சேன்."

"இப்பவா? சம்பந்தம் பேச வந்திருக்கிற நேரத்துலயா?" மகள் மெஷின் மூடியைத் திறக்கக் கை வைத்தாள். "குடு, அப்புறமா நானே போட்டுக்கறேன்."

"தொடாதே!"

தேர்வு அறைக் குரல். மகளின் முகம் சுருங்கியது. அவள் திரும்பிப் போனதும், டீச்சர் பாட்டிலை வெளியே எடுத்து ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். உடம்போடு இருந்தால்தான் பத்திரம்.

அது பெரிய தப்பு. டீச்சர் சோபாவுக்குப் பின்னால் போனால் ஆபீசரும் போனார். ஜன்னலுக்குப் போனால் ஜன்னலுக்கு வந்தார். எங்கே நின்றாலும் எதிரில் வந்து, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார்.

"ஏம்மா, உனக்குக் கால் வலிக்கலையா?" என்றார் கணவர் நாலு பிளாட்பாரத்துக்கும் கேட்கும்படி. "ஆபீசருக்கு உன்மேலதான் கண்ணு!"

பையன் முதன்முறையாகச் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி ஏப்ரனையே பார்த்தான். "ஆன்ட்டி, அந்த பாக்கெட்ல…"

அவன் எழுந்து வருவதற்குள் டீச்சர் சோபா ஓரத்தில் நின்றிருந்தார். அங்கே பையனின் அம்மாவுடைய துணிப்பை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. டீச்சரின் மூளை ஒன்றும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. அடுத்த நொடி பாக்கெட் காலி.

"இதோ பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்று பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினார்.

ஆபீசர் பாக்கெட்டை முகர்ந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, துணிப்பை முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மா!" பையனின் குரல் மாறியிருந்தது. "உன் பையா? ஆபீசரோட வெளிய வரும்போது பையில எதுவும் வச்சிருக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? போன மாசமும் இதே கூத்து."

"நான் எதுவும் வைக்கலடா" என்றார் அவன் அம்மா.

"அப்ப இது என்ன?" பையன் கையை விட்டு பாட்டிலை வெளியே எடுத்தான். சீட்டு பையோடு உரசிக் கிழிந்து 'தொடக்கூடாது' மட்டும் மிச்சமிருந்தது. "போன இடத்துல எல்லாம் என் மானத்தை வாங்கறியே! அவங்க என்ன நெனப்பாங்க?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

முப்பத்தொரு வருஷத்தில் டீச்சர் எத்தனையோ பிட்டுகளைப் பிடித்திருக்கிறார். பயந்து போய் எழுதின பிள்ளையை மன்னித்திருக்கிறார், அழுத பிள்ளைக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாட்டிக்கொள்ளும் நேரத்தில் துண்டுச் சீட்டைப் பக்கத்து பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடும் பிள்ளையை மட்டும் ஒருநாளும் மன்னித்ததில்லை.

"தம்பி, அவங்களைத் திட்டாதீங்க" என்றார். "அது என்னோடது. நான்தான் இப்ப அவங்க பையில போட்டேன்."

பையன் கையிலிருந்த பாட்டிலை டீச்சர் விரலால் சுட்டிக் காட்டினார்.

"ஆரஞ்சுத் தோலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சின பாகு. அதுல கஞ்சா கலந்திருக்கு. தோள்வலிக்கு. செடி குளியலறை ஜன்னல்ல இருக்கு, நானே வளர்க்கறேன். ஃப்ரிட்ஜ், அலமாரி, வாஷிங் மெஷின், உங்க ஆபீசர் ஒரு இடத்துலகூடத் தப்பு பண்ணல." டீச்சர் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தார். "புகார் எழுதணும்னா பேப்பர் தர்றேன். ஆனா என் பொண்ணுக்கு எதுவும் தெரியாது. அவ மேல கோபப்பட்டு இந்தக் கல்யாணத்தை நிறுத்திடாதீங்க."

"அம்மா…" என்றாள் மகள், அழுகிற குரலில்.

கணவர் வாயைத் திறந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதிலிருந்து சத்தம் வரவில்லை.

"ஆன்ட்டி, அது வந்து… ஆபீசர்…" பையன் தடுமாறினான்.

"நீ சும்மா இருடா" என்றார் அவன் அம்மா. மகன் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகி, கண்ணை மூடி நிதானமாக ஒருமுறை முகர்ந்து பார்த்தார். மறுபடி இறுக்கி மூடினார். தன் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்து, ஜிப்பை இழுத்து, டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

"இவரு பழம் பிடிக்கிற நாய், சம்பந்தி, வெளிநாட்டுப் பழத்தை உள்ள விடாம தடுக்கிற டிபார்ட்மென்ட். இந்தச் சமாச்சாரத்தைப் பிடிக்கிற நாயா இருந்திருந்தா, எங்க வீட்டு மொட்டைமாடிப் பக்கம் நான் அதை ஏற விட்டிருப்பேனா?"