தென்துருவத்தில் அடித்த ராசிபுரம் வெயில்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். நான் திருட்டுத் தண்ணீர் கொண்டுபோனேன்.

எண்பதுகளில் வடக்கே ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. தென்துருவத்தில் துளைபோட்டு எடுத்த பழம்பனி, உருகிய நீராகக் குப்பிகளில் வரும். ஆக்சிஜனில் கனமானது, லேசானது என்று உண்டு. குளிர் ஏற ஏறப் பனியில் கனமானது குறையும். அதை அளந்தால் பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய குளிரைச் சொல்லிவிடலாம். (எங்கள் ஊர் நாமக்கல்லில் இதைச் சொன்னால், "ஐஸ் கம்பெனியிலீங்களா வேல?" என்பார்கள்.)

எனக்குப் பார்த்திருந்த ராசிபுரத்துப் பெண்ணின் அப்பா, லாரிக்காரர், அதையேதான் கேட்டாராம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? (மேதாவி!)

"தென்துருவத் தண்ணிங்க. உப்புங்கறதே கெடையாது, அத்தன சுத்தம்" என்று நீட்டினேன்.

"அப்படீங்களா!" என்று வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அக்கம்பக்கத்தில் காட்டத்தான் போகிறார் என்று பெருமையோடு பஜ்ஜியைக் கடித்தேன். கதவோரம் பெண் சிரித்தாள். அவர் காலிக் குப்பியோடு திரும்பி வந்தார்.

"லாரி பேட்டரில ஒரு செல்லு காஞ்சு கெடந்துச்சுங்க மாப்ளே. நம்மூரு உப்புத் தண்ணிய ஊத்த முடியுங்களா? நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க!"

கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தேன். குப்பி போனால் வேலை போகும். வேலை போனால் இந்தப் பெண்ணும் கிடைக்கமாட்டாள். ஐயோ! கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய், நடுங்கும் கையால் கிணற்று வாளியிலிருந்து குப்பியை நிரப்பிக்கொண்டேன்.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். இயந்திரம் அதையும் அளந்தது. வரைபடத்தில் தாழ்ந்தே ஓடிய கோடு ஓரிடத்தில் தென்னைமரமாக நிமிர்ந்து நின்றது. அதன்படி, அந்தக் காலத்துப் பென்குயின்கள் நுங்கு வாங்கித் தின்றிருக்க வேண்டும். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"லீவில் எந்த ஊருக்குப் போனாய்?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நல்லவேளை, அந்தப் பனியில் இன்னொரு துண்டு மிச்சமிருந்தது. வேலை தப்பியது, ஆறு மாதம் குப்பி கழுவினேன்.

கல்யாணமும் நடந்தது. இன்றும் வெயிலில் நான் 'உஸ்ஸ்' என்றால், "தென்துருவத்துல இருக்கறீங்களா?" என்று மனைவி கேட்பாள். வந்தவர்களுக்கெல்லாம் கதையையும் சொல்வாள். நான் கிணற்றடியில் திருதிருவென்று முழித்ததை அன்றைக்கே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"அதப் பாத்துத்தானுங்க சரின்னேன். ஒரு குப்பித் தண்ணிக்கே இந்த நடுக்கம் நடுங்கறவரு, காலத்துக்கும் என்கிட்ட எதையும் மறைக்க மாட்டாருல்லீங்க?"