ஐந்தாவது அனுஷ்டானம்

“சேர், இண்டைக்குக் கூட்டத்த ஒரு மதத்தையும் கூப்பிடாமத் தொடங்குவம்.”

பஸ்மிலா இதைச் சொன்னதும் மண்டபத்தின் மின்விசிறிகள்கூட ஒரு சுற்றுத் தயங்கியது போலிருந்தது. நிகழ்ச்சி நிரலால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்த ஷரிபுதீன் சேர் கையை நிறுத்தினார்.

அவர் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். கல்முனை மானிட மன்றத்தின் தலைவர். மன்றம் இன்னும் பிறக்கவில்லை, இன்றைய கூட்டத்தில்தான் பிறக்க வேண்டும். ஆனாலும் இரண்டு மாதமாக அதற்கு ஒரு தலைவர் இருந்தார். பஸ்மிலாவைச் சேர்த்துக்கொண்ட அன்றே, எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் ஒருநாளும் கேட்காதே என்று சொல்லி வைத்திருந்தார். மதம் பாராத மன்றம்தான். அதற்காக மதங்களுக்கு மரியாதை செய்யாமல் விடலாமா என்பது அவருடைய கட்சி.

நிரலில் முதலாவது குர்ஆன் ஓதும் கிறாஅத். இரண்டாவது தேவாரம். மூன்றாவது ஜெபம். பதிவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யாரும் ஒருவேளை வந்துவிட்டால் என்று நாலாவதாகப் பௌத்தர்களின் பன்சில். இவ்வளவுக்கும் பிறகு, ‘மனிதர் யாவரும் ஒன்றே’ என்ற தலைப்பில் தலைவர் உரை. உத்தியோகத்தர் வரவில்லை. ஜெபம் சொல்ல வேண்டியவருக்குக் காய்ச்சல். பன்சில் தெரிந்த ஒருவரைத் தேடிப் போன மோட்டார் சைக்கிள் போனதுதான். இரண்டரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் மூன்று மணியாகியும் தொடங்கவில்லை.

பஸ்மிலாவுக்கு வேண்டியது உரையல்ல, ஓர் அறை. இதே மண்டபத்தின் பின்னறை.

மருதமுனையில் அவளுடைய வீட்டில் இரண்டு தறிகள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக அவள் வந்தது, அந்தத் தறிச் சத்தத்தை மீறிக் கத்திப் படித்துத்தான். அந்தக் கத்தல் அவளுடைய குரலைவிட்டு இன்னும் போகவில்லை. இப்போது உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்க, இருபத்தெட்டுப் பெண்பிள்ளைகள் இருந்து படிக்க இடமில்லாமல் நின்றார்கள். பாதிப்பேர் மருதமுனை, பாதிப்பேர் பாண்டிருப்பு. பள்ளிவாசல் கட்டடத்தைக் கேட்டால் பாண்டிருப்புத் தாய்மார் யோசித்தார்கள். கோயில் மண்டபத்தைக் கேட்டால் மருதமுனை வாப்பாமார் யோசித்தார்கள். எந்தச் சாமியின் பெயரும் எழுதாத ஒரு கதவு வேண்டும். அதைத் திறக்க ஒரு மன்றம் வேண்டும். அவள் இங்கே வந்து சேர்ந்தது அதற்குத்தான்.

மண்டபத்துக்காரர் ஜவாத் ஹாஜியார் அறையைத் தருவதாகத்தான் சொன்னார். ஆனால் தனியாளுக்கு இல்லை, மன்றத்துக்கு. இன்று பின்னேரத்து அஸர் தொழுகைப் பாங்குக்கு முன்னால் மன்றம் அமைந்த கடிதம் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் நாளைக்கு அங்கே சீமெந்து மூடை அடுக்குவார். பஸ்மிலாவும் பாண்டிருப்புக் கிருசிகா டீச்சரும் சேர்ந்தே இந்தக் கடிதத்துக்கு அலைந்தார்கள். கிருசிகாவையும் இன்றைக்குக் காணவில்லை. அவளுடைய நாற்காலியில் யாரோ குடையைச் சார்த்தி வைத்திருந்தார்கள்.

“பிள்ள சொல்லுறதிலயும் ஞாயம் இரிக்கு,” என்றார் செயலாளர் ஜீவராஜ். பாண்டிருப்புக்காரர், முன்னாள் தபாலதிபர், எந்தச் சிக்கலையும் இரண்டாக மடித்து உறையில் போட்டுவிடலாம் என்று நம்புகிறவர். “நாலையும் விட்டிட்டு, பொதுவா ஒரு விளக்க ஏத்துவம்.”

மண்டபத்தில் முஸ்லிம்கள் இருந்த வலப்பக்கத்து நாற்காலிகள் ஒருமுறை கிரீச்சிட்டன. குத்துவிளக்கு எப்படிப் பொதுவாகும் என்று அங்கிருந்து ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார். அப்படியானால் மரம் நடலாம் என்றார் ஜீவராஜ். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று, என்ன மரம் என்று கேட்கும் வரைக்கும். வேம்பு என்றால் அம்மன். பேரீச்சை என்றால் அரபுநாடு. தென்னையைக் கோயிலோடு சேர்த்தார்கள், முருங்கையைப் பேயோடு சேர்த்தார்கள். விகாரைகளில் நிற்கும் அரச மரத்தின் பெயரை மட்டும் இரண்டு பகுதியும் வாயில் எடுக்கவில்லை. அன்றைய கூட்டத்தில் முழு ஒற்றுமை இருந்த ஒரே விடயம் அதுதான்.

மணி மூன்றே கால்.

“ஒண்டும் வேணாம் சேர்,” என்றாள் பஸ்மிலா. “ரெண்டு நிமிசம் சும்மா நிப்பம். மனிசனுக்காக. மறுகா மன்றத் தீர்மானத்த நிறைவேத்துவம்.”

சும்மா நிற்பதா, சும்மா உட்கார்ந்திருப்பதா என்று ஒரு கேள்வி எழுந்தது. நின்றால் சாவு நடந்த மையித்து வீடு போலிருக்கும், இருந்தால் தியானம் போலிருக்கும். கடைசியில் நிற்பதென்று முடிவாயிற்று. எல்லோரும் எழுந்து நின்று தலையைக் குனிந்தார்கள்.

இரண்டு நிமிடம் போயிற்று. மூன்றும் போயிற்று.

எவரும் உட்காரவில்லை. கிறாஅத் முடிவது எல்லோருக்கும் தெரியும்; தேவாரம் முடிவதும் தெரியும். இந்த மௌனத்துக்கு வால் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செயலாளர் முடிப்பார் என்று தலைவர் நின்றார். தலைவருக்கு முதல் உட்கார்ந்தால், மனிசனுக்காக நிற்கக்கூட அந்தப் பகுதியாரால் ஏலாமல் போயிற்று என்று நாளைக்குச் சந்தையில் கதைப்பார்களே என்று செயலாளர் நின்றார். வலப்பக்கம் இடப்பக்கத்தை இமைக்குக் கீழால் பார்த்தது. இடப்பக்கமும் அப்படியே பார்த்தது.

கச்சான் காற்று யன்னலால் வந்து எல்லோருடைய சட்டையையும் ஒரே மாதிரி ஊதிப் பெருக்கியது. கடல் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பஸ்மிலாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபமும் வெயிலில் கிடந்த பூனை போலச் சோம்பி நீட்டிப் படுத்துக்கொண்டது. எங்கோ தாள் புரளும் சத்தம் கேட்டது. கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் காற்றுப் புரட்டுகிறது என்று நினைத்தாள். பேனையொன்று சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. யாருடைய சட்டைப் பையிலிருந்தோ என்று நினைத்தாள். சுவர் மெல்ல விலகி, கடல் கணுக்கால் அளவுக்கு உள்ளே வந்தது. வகுப்பறை வாங்குகள் தோணிகள் போல அசைந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகள், ஒருத்திக்கு முக்காடு, ஒருத்திக்கு இரட்டைப் பின்னல், நடுவில் ஒரே புத்தகம். யாரும் யாரையும் என்ன ஆள் என்று கேட்கவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை.

அந்த மிதப்பிலேயே அவளுக்கு முடிவு தெளிவாகிவிட்டது. மன்றம் பிறந்தாலும் சரி, பிறக்காவிட்டாலும் சரி. ஹாஜியாரின் வாசலில் போய்த் தன் பெயரிலேயே கேட்பது. தரமாட்டேனென்றால் தரும்வரை அங்கேயே நிற்பது. நிற்கத்தான் இப்போது நல்ல பழக்கம் வந்துவிட்டதே.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது.

மண்டபம் முழுவதும் ஒரே பெருமூச்சாக வந்து நாற்காலிகளில் விழுந்தது. மதமில்லாத மௌனத்தை முடித்துவைக்கக் கடைசியில் பாங்குதான் வர வேண்டியிருந்தது. பதின்மூன்று நிமிடம் நின்றிருக்கிறார்கள். ஹாஜியார் தந்த தவணையும் அதற்குள்ளேயே முடிந்துபோயிற்று.

ஷரிபுதீன் சேரின் கண்கள் கலங்கியிருந்தன. இவ்வளவு ஒற்றுமையைத் தன் சேவைக்காலத்தில் எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை என்றார். இனி ஒவ்வொரு கூட்டத்திலும் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். பேனையை எடுத்து, நிரலில் நாலு அனுஷ்டானங்களுக்கும் கீழே ஐந்தாவதாக எழுதிவிட்டு வாசித்தார்: மானிட அனுஷ்டானம், நடத்துபவர் செல்வி பஸ்மிலா. ஜீவராஜ் அதோடு நிற்காமல் நிருவாக சபையையும் அறிவித்தார். முஸ்லிம் ஐந்து, இந்து ஐந்து, கிறிஸ்தவம் ஒன்று, மதமில்லாதோர் சார்பில் பஸ்மிலா.

“நான் அஞ்சு நேரமும் தொழுற புள்ள சேர்,” என்றாள் பஸ்மிலா. “எனக்கு மதம் வேணாம் எண்டு நான் சொல்லல்ல. மன்றத்துக்குத்தான் வேணாம் எண்டன்.”

“தொழுறது வேற மகள், பிரதிநிதித்துவம் வேற,” என்றார் தலைவர், பொறுமையாக. “அந்தப் பகுதிக்கும் ஆள் வேணுமே.”

“இருக்கிறதுல நாலக் குறைக்கச் சொன்னன். நீங்க ஒண்டக் கூட்டி, அதுக்கு என்னையே ஓதிவைக்கிற லெப்பையாக்கிட்டீங்க.”

சபையில் பாதி சிரித்தது; பள்ளிவாசலுக்குப் போக எழுந்த மீதிப் பாதியும் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடியது. கடிதத்தை இப்போதாவது எழுதலாமா என்று அவள் கேட்டாள். ஐந்தாவது அனுஷ்டானத்துக்கு மன்றத்தின் யாப்பு விதிகளில் இடம் வைத்த பிறகு, அடுத்த மாதக் கூட்டத்தில் எழுதலாம் என்றார் ஜீவராஜ்.

பஸ்மிலா உறுப்புரிமை அட்டையை மேசையில் வைத்தாள். சலாம் சொன்னாள், வணக்கமும் சொன்னாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் பக்கவாசலால் வெளியே நடந்தாள்.

பக்கத்து வீட்டு வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு, தட்டில் தேத்தண்ணியோடு நஸீறா வந்துகொண்டிருந்தாள். ஹாஜியாரின் மனைவி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள்தான் தேத்தண்ணி ஊற்றித் தருகிறவள். குடித்தவர்களில் அவளுடைய பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஹாஜியார் வீட்டிலா பள்ளிவாசலிலா, அறையைப் பற்றி இப்பவே கேட்க வேண்டும் என்றாள் பஸ்மிலா, நடையை நிறுத்தாமலே.

“அவருட்ட என்னத்துக்கு மகள்?” என்றாள் நஸீறா. “இந்த வளவும் மண்டபமும் என்ட சீதனம். உங்கட மன்றத்துல ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல, இண்டைக்கு வெள்ளெனக் கிருசிகா டீச்சர் வந்து கேட்டா, பின்னறையத் துறந்து குடுத்தன். இருபத்தெட்டுப் புள்ளையளும் உள்ளுக்கதான் மாதிரிச் சோதின எழுதுறாங்க, அவங்களுக்காக எண்டுதானே நீங்க எல்லாரும் அவ்வளவு நேரம் மூச்சுக் காட்டாம நிண்டீங்க.”