மாரியம்மனின் அடையாளக் கார்டு

காஜா பெராங், மலாக்கா.
ஏப்ரல் 1958

அன்புமிக்க மாப்பிள்ளை தியாகு அவர்களுக்கு, மாமனார் மருதப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை பொன்னம்மாவும் நலம். கோலாலம்பூரில் நீங்களும் சிவகாமசுந்தரியும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் என் எழுத்தை மன்னிக்க வேண்டும். சில எழுத்து பெரிதாகவும் சில சிறிதாகவும், கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் இருக்கும். நானே எழுதுகிற சந்தோஷம்தான் காரணம். இதற்கு முன் என் பெயரில் உங்களுக்கு வந்த கடிதங்களெல்லாம் சந்தைப் பக்கம் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் நல்லையா எழுதியவை. அவற்றில் இருந்த திவ்ய க்ஷேமமும் பூரண சந்திரனும் அவருடையவை. நான் சொன்னது பலாப்பழம் அனுப்பியிருக்கிறேன் என்பது மட்டும்.

இந்த வயதில் எப்படி என்று கேட்பீர்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் எங்கள் முதியோர் கல்விச் சங்கம் மாலை வகுப்பு நடத்துகிறது. புக்கிட் பாருவிலிருந்து கோகிலா டீச்சர் பஸ் ஏறி வந்து சொல்லிக் கொடுக்கிறார். அச்செழுத்தை இப்போது நானே படிப்பேன். என் மகள் கையெழுத்துதான் இன்னும் பிடிபடவில்லை, ஓடுகிற எழுத்து. அதனால் அவள் கடிதத்தைத் தோசைக் கடையில் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறேன். அப்பாவின் மூலநோய் எப்படி இருக்கிறது என்று போன தடவை அவள் கேட்டிருந்ததைத் தோசைக்காரர் உரக்கப் படித்துவிட்டார், கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லி அனுப்பினார்கள். இன்னும் சில மாதம் படித்தால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் வகுப்பே நின்றுவிடும் போலிருக்கிறது, மாப்பிள்ளை. டீச்சரின் பஸ் செலவுக்கும் விளக்குக்கும் இதுவரை கைக்காசு போட்டோம், இனி முடியாது. மாதக் கடைசிக்குள் அரசாங்க மானியம் வராவிட்டால் டீச்சர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வந்தபின் நம்மைப் போன்ற சங்கங்களுக்கு மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுக் கொடுத்தோம். அதற்கான விதிகள் தலையணை உயரம் இருந்தன, அத்தனையும் ஆங்கிலம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான மானியத்தை வாங்க இவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறதே என்று டீச்சரே சிரித்துவிட்டார். மூன்று வருஷக் கணக்குக் கேட்டார்கள், சங்கம் பிறந்தே ஒரு வருஷம் ஆகவில்லை. கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டர் வேண்டும் என்றார்கள், அவர் கேட்ட கூலி மானியத்தைவிடப் பெரிது. இதையெல்லாம் கெஞ்சிக் கூத்தாடித் தாண்டி, கட்டட உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டோம். எங்கள் தலைவர் தம்பிராஜா பொய் எழுதமாட்டார். நிலமும் கொட்டகையும் அம்மன் பேரில்தானே இருக்கின்றன என்று ‘ஸ்ரீ மாரியம்மன்’ என்று எழுதி, கோயில் முகவரியையும் போட்டுவிட்டார். பதில் வந்தது. மேற்படி மாரியம்மன் என்பவர் அடையாளக் கார்டுடன் அலுவலகத்துக்கு நேரில் வந்து சம்மதக் கையெழுத்திட வேண்டுமாம், எழுதத் தெரியாவிட்டால் இடது கட்டைவிரல் ரேகை வைக்கலாமாம், திருமணமானவரா என்பதையும் தெரிவிக்க வேண்டுமாம்.

“ஆத்தாளுக்கு இடது பக்கமே ரெண்டு கை இருக்கே, எந்தக் கைன்னு கேட்டுட்டு வாங்க” என்றாள் பொன்னம்மா.

தம்பிராஜாவும் நானும் அலுவலகத்துக்கே போய்க் கேட்டோம். அங்கே கோப்பு எழுதுகிற கிராணி நம்மவர், மரியாதையானவர்.

“ஐயா, எனக்குத் தெரியாதா? நானும் அங்கதான் தேங்கா உடைக்கிறேன். ஆனா ஓனர் வந்தாங்கன்னு நான் எழுதணுமே. வராம எழுதினா என் வேலை போயிடும்.”

“ஆத்தா வருஷத்துக்கு ஒரு நாள்தான்யா வெளிய வருவா. அதுவும் ரதத்துல” என்றார் தம்பிராஜா.

“அப்ப அன்னிக்கு வரச் சொல்லுங்க. நான் லீவு போடாம இருக்கேன்.”

“கிண்டல் பண்றியா?”

“பாதிதாங்க.”

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் அரசாங்கத்தில் வேலை செய்கிறவர். உங்கள் மேலதிகாரி வயிறாரச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். சின்னச் சங்கத்துக்கு ஒரே ஒரு தாள் போதும், அது நமக்குப் புரிகிற பாஷையில் இருக்கட்டும், கோயில் இடத்துக்குக் கோயில் கமிட்டிக்காரர் கையெழுத்தை ஏற்கட்டும். காசு எங்கே போயிற்று என்று வந்து பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பார்க்க வருகிறவருக்குத் தேநீரும் கொடுப்போம்.

மகளுக்கு எங்கள் ஆசி. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் பிள்ளை குட்டிகளோடு வாழ அம்மன் துணையிருப்பாள், அவளுக்கு இப்போது அலுவலக வேலையும் சேர்ந்துவிட்டது என்றாலும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்
மருதப்பன் (என் கையாலேயே)

பின்குறிப்பு: நான் எழுதுகிற வேகத்தில், கடிதம் முடிவதற்குள் திருவிழாவே வந்துவிட்டது. தம்பிராஜா யாரிடமும் சொல்லாமல் ரதத்தை அலுவலகத் தெருவுக்குத் திருப்பிவிட்டார். கிராணி சொன்னபடியே கோப்போடு வாசலில் நின்றார். பூசாரி அம்மன் பாதத்துக் குங்குமத்தை எடுத்துச் சம்மதத் தாளில் இட்டார். எதிர்க்கடைச் சீனர் ஊதுபத்தி கொளுத்தினார். மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்த பெரிய அதிகாரி மலாய்க்காரர். ரதத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், இவர்தான் உரிமையாளரா என்று கிராணியிடம் கேட்டார். ஆமாம் என்றதும், ‘உரிமையாளர் நேரில் வந்தார்’ என்று தாமே எழுதிக் கையெழுத்திட்டார். மானியம் கிடைத்துவிட்டது, டீச்சர் போகவில்லை. ஆகவே உங்கள் மேலதிகாரியிடம் மற்ற விதிகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். இந்த ஒன்றைத் தொடவே கூடாது என்பது பொன்னம்மாவின் கட்டளை. ரதம் தங்கள் வாசலுக்கு மறுபடி வர வேண்டும் என்று அந்தத் தெருக்காரர்கள் அடுத்த வருஷமும் மனுப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் உங்களுக்கு மறுபடி எழுதுவேன். அதற்குள் முடிய வேண்டுமே என்று இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.