ரிசீவர் விஷயமாக மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் அதில் சரிபாதி போன மாதம் பெட்டியும் கையுமாக எங்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டபடியால், மீதிப் பாதி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் போனில் பேசியிருக்கலாம்தான். கூப்பிடும்போதெல்லாம் "மாமா, ஒரு கடையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பழுதாகிப் பாதியில் நிற்கும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் "இதோ வந்துட்டோம்" என்று சொல்லியே மணிக்கணக்கில் ஓட்டுகிற உத்தியோகம் உங்களுடையது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. கடிதம் என்றால் நடுவில் வைக்க முடியாது, பாருங்கள். கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் மனைவி, அதாவது என் மகள், வந்து இறங்கியதும் "சண்டையாம்மா?" என்று கேட்டேன். "சண்டை போட ஆள் வேணுமேப்பா. அவரு உடம்புதான் வீட்டுல இருக்கு. ஆறு மாசமா ரிசீவர் பாத்துட்டிருக்காரு" என்றாள். மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்த ரிசீவர், கோபம் வந்தால் டெலிபோனில் டக்கென்று வைப்பது. அதற்கு ஆறு மாதம் எதற்கு என்று விழித்தேன். டிவியில் இருந்தும் பாட்டு ஓடும் பெட்டியில் இருந்தும் வரும் சத்தத்தையெல்லாம் வாங்கி, அறையைச் சுற்றி உள்ள ஸ்பீக்கர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற சாமான் அது என்று அவள்தான் விளக்கினாள். பிறகு சொன்னாள்: "பொறுக்க முடியாம, நான் வேணுமா ரிசீவர் வேணுமான்னு கேட்டுட்டேன்ப்பா."

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"'எந்த ரிசீவர்?'னு கேட்டாரு."

நான் சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வரலாம் என்று போனால், அங்கே உங்கள் மாமியார் ஏற்கனவே புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்த பிறகு கவலை வந்தது. அந்தப் பெண் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பல் டாக்டராக இருந்தவன். ஆடுகிற பல்லை ஆறு மாதம் நாக்கால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்று பிடுங்கு, இல்லை கட்டு. உங்களால் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்பதுதானே வியாதி? நானே ஏதோ ஒன்றை வாங்கி உங்கள் ஹாலில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று கடைக்குக் கிளம்பினேன். இதில் என் சொந்த ஆசை கடுகளவும் இல்லை என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

கடையில் டை கட்டிய ஒருவர் சிரித்தபடி வந்தார். மேல்வரிசை இடப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல் காலி. "படத்துக்கா சார், பாட்டுக்கா?" என்றார். "வீட்டுக்கு" என்றேன். படத்துக்கு பலம் வேண்டுமாம், பாட்டுக்கு சுத்தம் வேண்டுமாம், இரண்டும் வேண்டுமென்றால் விலை வேண்டுமாம். ஓர் இருட்டறையில் உட்காரவைத்து முதலில் பலத்தைக் காட்டினார். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போயிற்று, குனிந்தேன், கண்ணாடி விழுந்தது, எடுக்கப் போனால் நாற்காலிக்கு அடியில் பீரங்கி வெடித்தது, நிமிர்ந்தால் மழை. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் சுத்தம். நான் கல்யாணமான புதிதில் இருந்து கேட்டுவருகிற ஒரு பாடகி. அந்த அம்மாளை முதலில் ஸ்டேடியத்தில் பாடவைத்தார், ஒரு பட்டனை அமுக்கி மண்டபத்துக்கு மாற்றினார், இன்னொன்றை அமுக்கிக் குகைக்குள் தள்ளினார். "எதுக்குங்க அவங்களை இப்படி அலைய விடறீங்க?" என்றேன். "நேரா பாட விடற பட்டனும் இருக்கு சார்." "அதை முதல்லயே அமுக்கக் கூடாதா?" "அமுக்கினா விலைக்குக் காரணம் சொல்ல முடியாது சார்" என்றார். நல்ல மனிதர்.

அந்தப் பட்டனை அமுக்கினார். மாப்பிள்ளை, அந்த நிமிடத்தில் நான் கெட்டேன். பாடகியின் ஒவ்வொரு 'ஸ'விலும் மெல்லிசாக ஒரு சீட்டி. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி! இத்தனை வருஷமாகக் கேட்ட குரலில் வாயைத் திறந்து காட்டியது போல இப்போதுதான் தெரிகிறது. மலிவான பெட்டியில் போடச் சொன்னேன்: சீட்டி இல்லை. நடுத்தரப் பெட்டி: இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும். முதல் பெட்டியில் மறுபடி: உஸ்ஸ்! வேறொரு பாடகரைப் போடச் சொன்னேன். கட்டுப்பல், அதுவும் அளவு சரியில்லாதது. எந்தக் கடன்காரன் கட்டிவிட்டானோ. கடை சாத்தும்வரை பதினோரு பேருடைய வாயைப் பரிசோதித்துவிட்டேன். ஸ்பீக்கர்களோடு சேர்த்து விலை உயர்ந்ததையே வாங்கினேன். உங்களுக்காகத்தான்.

வீட்டுக்கு வந்ததும், ஓடுகிறதா என்று பார்க்காமல் எப்படிக் கொடுப்பது என்று நியாயமாகவே பிரித்தேன். இங்கே உங்கள் மனைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த ஒயர் எங்கே போகும், எந்த ஸ்பீக்கர் காதுமட்டத்தில் இருக்க வேண்டும், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நீங்கள் சாப்பாட்டு மேஜையில் சத்தம்போட்டுப் படித்ததெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "அப்பா, ஒயர்ல சிவப்பும் கறுப்பும் மாத்திக் குத்தியிருக்கீங்க, பாட்டு ஒல்லியா வருது பாருங்க" என்று அதட்டினாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடியது. சோதனைக்காக ஒரு படம் போட்டோம். அதில் ஒரு கட்டடம் பற்றி எரிகிறது. கீழ்வீட்டில் குடியிருப்பவர் தீயணைப்புக்காரர், மதியத் தூக்கத்தில் இருந்திருக்கிறார். சைரன் கேட்டதும் லுங்கிக்குக் கீழே பூட்ஸோடு மாடியேறி வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். உண்மை தெரிந்ததும் திட்டுவார் என்று பார்த்தால், "இந்த சைரன் எங்க வண்டியோடதை விட நல்லாருக்கே" என்று உட்கார்ந்துவிட்டார். உங்கள் மாமியார் அவருக்குக் காப்பி கொடுத்தார். கொடுத்த விதத்தை நான் எழுத மாட்டேன்.

அடுத்தது அளவெடுப்பது. பெட்டியோடு ஒரு சின்ன மைக் கொடுக்கிறார்கள். நாம் உட்காரும் இடத்தில் அதை வைத்துவிட்டு மூச்சுவிடாமல் இருந்தால், மிஷின் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'பூம்' 'பூம்' என்று ஊதிப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். நானும் மகளும் மூலையில் சிலை மாதிரி நின்றோம். நடுவில் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. பின்பக்க ஸ்பீக்கர் முப்பது அடி தள்ளி இருக்கிறது என்றது மிஷின். எங்கள் ஹாலே பன்னிரண்டு அடிதான். "குக்கரை இறக்கேன்" என்றேன். "சோறு வேணுமா, பூம் வேணுமா?" என்று பதில் வந்தது. இறக்கிவிட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தோம்.

இந்த முறை ஒழுங்காக முடிந்தது. முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்தது. மகள் படித்துச் சொன்னாள்: "இப்போது மைக்கை இரண்டாவது ஆள் உட்காரும் இடத்தில் வைக்கவும்." படித்தவள் அப்படியே நின்றாள். முதலில் சிரித்தாள். அப்புறம் பார்த்தால் கண்ணைத் துடைக்கிறாள்.

"என்னம்மா?"

"இந்த மிஷினுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்கப்பா."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ரிசீவர் வருவதற்கு முன்பே, சோபா சத்தத்தைத் தின்னும் என்று அதை வெளிவராந்தாவுக்குத் தள்ளினீர்களாமே? ஹாலுக்கு நடுவே அளந்து, தரையில் டேப் ஒட்டி, ஒரே ஒரு நாற்காலி போட்டீர்களாமே? "நான் எங்க உக்காரட்டும்னு கேட்டேன்ப்பா. 'அந்த மூலையில சத்தம் சரியா வராது, நீ எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்'னாரு. ஆறு மாசத்துல ஒரு தடவை, ஒரே தடவை, உனக்கு என்ன கேக்கப் பிடிக்கும்னு கேட்டிருந்தா நான் அந்த மூலையிலயே தரையில உக்காந்திருப்பேன்" என்றாள். செலவைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்துக்கு மயக்க ஊசி போடாமல் நாலு பல்லைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் அவள் மைக்கை எடுத்து அடுத்த நாற்காலியில் வைத்துவிட்டு, அதை நிமிர்த்திவைத்தபடியே, "அவர் சொன்னதுல ஒண்ணு நிஜம்ப்பா. நல்ல பெட்டியில வசனம் பக்கத்துல வந்து பேசுது. அவரும் இதைக் கேக்கணும்" என்றாள். அந்த 'அவரும்' எந்த ஸ்பீக்கரில் இருந்து வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, வாயில்லாத பெட்டிக்கு உள்ள இங்கிதம் வாயுள்ள மாப்பிள்ளைக்கும் வரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சோபாவை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். மனைவியையும் ரிசீவரையும் ஒன்றாகவே அழைத்துப் போகலாம். கார் டிக்கியில் வைக்க வேண்டியது எது, முன்சீட்டில் வைக்க வேண்டியது எது என்பதில் மட்டும் குழப்பம் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்டு, ஒரே படத்தில் ஒரே இடத்தில் தூங்கி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஊரில் உள்ள உங்கள் பெரியவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் (முழுசாக) விரும்பும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சில மாற்றங்கள். இன்று காலை நான் பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, "கேட்டியா, இந்த அம்மாவுக்குக் கீழ்ப்பல் ஆடுது" என்று உங்கள் மாமியாரை எழுப்பிச் சொன்னேன். அவர் எழுந்து குளித்துவிட்டு வந்து, மகளிடம் "கிளம்புடி, உங்க வீட்டுக்குப் போலாம்" என்றார். இரண்டு பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அங்கே இருப்பார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டாம். ரிசீவரைக் கொடுப்பதாக மேலே எழுதியிருப்பதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்களுக்குத்தான் இவ்வளவு விஷயம் தெரியுமே, நிதானமாக வேறொன்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமே இல்லை. அதுவரை உங்கள் வீடு நிசப்தமாக இருக்கட்டும். உங்கள் மாமியாருக்கு நிசப்தம் மிகவும் பிடிக்கும். எனக்கு இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வரவேண்டியிருக்கிறது.