சீயக்காய் மேனேஜரும் பாலக்கோட்டுச் சம்பந்தமும்

விற்பனைக்கு ஆள் எடுக்க உட்காருகிறவன் வந்தவர்களிடம் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால், இன்றைக்கு நான் நன்றாகவே பதில் சொல்வேன். அன்றைக்கு நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: இவன் என்னைவிட மட்டமாக இருக்கிறானா? ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், உங்களுக்கும் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. தர்மபுரியில் என் மாமனார் சின்னதாக ஒரு சீயக்காய் மில் வைத்திருந்தார். அரைத்து, பாக்கெட் போட்டு, ஊர் ஊராக விற்க வேண்டும். "மாப்பிள்ளை, சேல்ஸை நீங்க பாத்துக்கங்க. ஒரு வருஷம் பாப்போம். நல்லா வந்தா மில்லே உங்களுக்குத்தான்" என்றார். நல்லா வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. (மச்சினன் அப்போது பி.காம். கடைசி வருஷம். சொல்லத் தேவையும் இல்லை.)

வேலைக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். உயரமாக இருந்தவனை, "வெயில்ல சுத்தணும்ப்பா, உனக்கு ஒத்து வராது" என்று அனுப்பினேன். கணீரென்று பேசியவனிடம் லெட்டர் போடுகிறேன் என்றேன். சுருட்டைமுடியோடு சிரித்தபடி வந்த ஒருவனிடம் என் மனைவி கமலம், "காபி சாப்புடறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவனுக்கு வேலை போனது அந்தக் காபியால்தான்.

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒருவனுக்கு நாய் என்றால் பயம் (வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை, கவனிக்கவும்). இன்னொருவன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவான். அரூருக்கு அனுப்பினால் திருப்பத்தூரிலிருந்து திரும்பி வருவான். மூன்றாமவர் அருளப்பன். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு, முன்மண்டை வழுக்கை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. மழை இல்லாமல் காடு காய்ந்துபோக, வேலை தேடி டவுனுக்கு வந்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி எதாச்சும் வித்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"நல்லாப் பேசுவீங்களா?"

"அவ்வளவா வராதுங்க."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்த இடத்திலேயே வேலை கொடுத்தேன்.

யார் எவ்வளவு விற்றார்கள் என்று சனிக்கிழமைதோறும் எழுத ஒரு கரும்பலகை மாட்டினேன். ஆட்களுக்கு ஊக்கம் வரும் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். முதல் வாரம் அருளப்பன் பெயர் மேலே. அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரம் மற்ற இருவரும் சேர்ந்து விற்றதைவிட அவர் ஒருவர் விற்றது அதிகம். மாமனார் வந்தால் பலகையின் முதல் வரியை மட்டும் படிப்பார். "அருளு, நீ இப்படி உக்காரு" என்று என் நாற்காலியைக் காட்டுவார். "மாப்பிள்ளை, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க."

வீட்டுக்குப் போனால் கமலம், "அருளண்ணன் வெயில்ல அலையறாரு பாவம், ரெண்டு பணியாரம் எடுத்து வெச்சிருக்கேன், குடுத்துடுங்க" என்பாள். வழியிலேயே ஒன்றை நான் தின்றுவிடுவேன். வயிறு எரிந்துகொண்டிருந்த எனக்கு அதுவும் செரிக்கவில்லை. பலகையில் கரையான் ஏறிவிட்டது என்று சொல்லிக் கழற்றி வைத்தேன். கரையானுக்கே அந்தச் செய்தி புதிது.

பேசவே வராத மனிதர் எப்படி இவ்வளவு விற்கிறார்? யோசித்து யோசித்துத் தூக்கம் போயிற்று. அவர் விற்கப் போகும் லைன் நல்ல லைன், அதனால்தான் என்று முடிவுக்கு வந்தேன். அவருடைய பாப்பாரப்பட்டி, பாலக்கோடு லைனை நானே எடுத்துக்கொண்டு, அவரைச் சித்தேரி மலைக்கு மாற்றினேன். எங்கள் மில்லுக்குச் சீயக்காய் வருவதே அந்த மலையிலிருந்துதான். அங்கே போய் அதைப் பாக்கெட்டில் போட்டு விற்கச் சொன்னேன்.

பையை ஒப்படைக்கும்போது அருளப்பன் தயங்கினார். "மேனேஜருங்க, இதுல கொஞ்சம் காயிதம் இருக்குதுங்க..."

"நான் பாத்துக்கறேன்."

"இல்லீங்க, பாலக்கோட்டுல ஒரு வூட்டுக்கு..."

"லைன் எனக்குத் தெரியாதா அருளப்பன்? மலை பஸ் போயிடும், கிளம்புங்க."

அவர் கிளம்பிப் போனார். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் போனேன். முதல் வீட்டில், "அருளண்ணன் வர்லீங்களா?" என்றார்கள். இரண்டாவது வீட்டில், "அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" நான்தான் மேனேஜர் என்றேன். "அப்படீங்களா. அவரு எப்ப வருவாருங்க?" என்றார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை ஒரு பாக்கெட்கூட விற்கவில்லை.

மாதையன் என்று ஒரு பெரிய விவசாயி. அவர் வீட்டு வாசலில்தான் விஷயமே தெரிந்தது. "பாலக்கோட்டு வூட்டுல என்ன சொன்னாங்க?" என்றார். நான் விழிப்பதைப் பார்த்து விளக்கினார். அவர் மகள் செல்வியின் ஜாதகத்தைப் பாலக்கோட்டில் ஒரு பையன் வீட்டுக்கு அருளப்பனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் மட்டுமல்ல, அந்த லைனில் பெண் வைத்திருப்பவர்கள், பையன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

"அவரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. எங்க பங்காளிச் சண்டையும் கெடையாது, நட்சத்திரம் ராசியும் தெரியாது. ஒரு எழுத்தக்கூட மாத்தாம கொண்டுபோயிக் குடுப்பாரு" என்றார் மாதையன்.

ஆக, எங்கள் சீயக்காய் இத்தனை நாளும் ஜாதகங்களின் முதுகில் ஏறித்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஒரு மனிதருக்காக இத்தனை வாசல்கள் காத்திருக்கின்றன. நான் இஸ்திரிச் சட்டையில் நிற்கிறேன், ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. பொறாமை தலைக்கு ஏறியது. வாய் தானாகத் திறந்தது.

"அது முடிஞ்ச மாதிரிதாங்க. பாலக்கோட்டுல சரின்னுட்டாங்க. நான்தான் நேர்ல பேசி முடிச்சேன்."

அடுத்த நிமிஷம் நாற்காலி வந்தது. மோர் வந்தது. பங்காளி வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, பைக்குள் கையைவிட்டுப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று மாலை கரும்பலகையைத் துடைத்து மறுபடி மாட்டினேன். முதல் வரியில் என் பெயர். கரையான் குணமாகிவிட்டது.

பாலக்கோட்டுக்குப் போய் எப்படியாவது பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மாதையன் அதற்கு அவகாசம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மில் வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே இருபது பேர், தாம்பாளம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. "மாப்பிள்ளை வூட்டுல கை நனைக்கப் போறோம். நீங்க முன்னாடி உக்காருங்க மேனேஜரே" என்றார். சம்பந்தம் முடிவானால்தான் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். அங்கே விருந்து இருக்கும் என்று இருபது பேரும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். நானும் ஏறினேன். (சம்பந்தி வீட்டிலும் ரெண்டு டஜன் தள்ளிவிடலாம் என்று பையையும் எடுத்துக்கொண்டேன். அப்போதும் எனக்குப் பலகை ஞாபகம்தான்.)

பாலக்கோட்டில் பையனின் குடும்பம் களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தது. தாம்பாளங்களோடு இருபது பேர் இறங்குவதைப் பார்த்துப் பையனின் அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "யாருங்க நீங்கல்லாம்?"

மாதையன் சொன்னார். அந்த அம்மா திகைத்துப்போய் நின்றார். "அருளண்ணன் ஜாதகம் கொண்டாறேன்னு சொன்னாருங்க. சொன்ன நாளு தாண்டியும் ஆளையே காணம். போன புதங்கெழமதான் வேற எடத்துல வெத்தல பாக்கு மாத்துனோம்."

என் கை தானாகப் பையின் பக்கவாட்டு அறைக்குள் போயிற்று. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு தாள் வந்தது. செல்வியின் ஜாதகம். இத்தனை நாளும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நான் திரிந்திருக்கிறேன்.

மாதையன் சத்தம் போடவில்லை. "மேனேஜரே, நீங்க யாருகிட்டப் பேசி முடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். பின்னாலிருந்து ஒரு குழந்தை, "எப்பம்மா சோறு?" என்றது. அந்த வீட்டு அடுப்பில் ஐந்து பேருக்கான களி வெந்துகொண்டிருந்தது. சாப்பிடச் சொல்ல அவர்களுக்கும் முறையில்லை, சாப்பிட இவர்களுக்கும் முறையில்லை. பசியோடு எல்லோரும் வேனில் ஏறினார்கள். திரும்பும்போது அதில் எனக்கு இடம் இருக்கவில்லை.

அந்த வாரம் பாப்பாரப்பட்டி லைன் பூராவும் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பியது. மில் வாசலில் குவித்துவிட்டுப் போனார்கள். மாமனார் குவியலைப் பார்த்தார், பலகையின் முதல் வரியைப் பார்த்தார், சித்தேரிக்கு ஆள் அனுப்பினார். அருளப்பன் காலிப் பையோடு வந்து இறங்கினார். மலையில் எல்லாம் விற்றுவிட்டதாம். "இடிக்கறதுக்கு அவங்களுக்கு ஏதுங்க நேரம்?" என்றார்.

அன்றே என்னை மாதையன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்குமுன், "தப்பு என்னுதுங்க. காயிதம் இருக்கறதச் சரியா சொல்லாம மலைக்குப் போயிட்டேன்" என்றார். செய்த தப்பைக்கூட எனக்கென்று விட்டுவைக்க மாட்டேன் என்கிறாரே என்று அதற்கும் எரிந்தது. உள்ளேயிருந்து செல்வி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "அண்ணன் சொல்ல வந்திருப்பாரு. இவரு கேட்டிருக்க மாட்டாரு."

இரண்டு மாதத்தில் அரூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை அவளுக்கு அருளப்பனே பார்த்துக் கொடுத்தார். நல்ல சம்பந்தம், பாலக்கோட்டைவிட நல்லது என்று ஊரே சொன்னது. மாமனார் அவரை மில்லில் பார்ட்னராகச் சேர்த்துக்கொண்டார். நான் அரைக்கும் பக்கம் போனேன். முப்பது வருஷம் தும்மினேன்.

என் மகளுக்கு வரன் பார்த்தபோது ஜாதகத்தை எழுதி, மூலையில் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு வந்தாள் கமலம். நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப்போய் அருளண்ணன் கையில் கொடுத்தாள். இன்றைக்கும் நான் எதையாவது முடித்துவிட்டேன் என்று சொன்னால், அது கரன்ட் பில்லாக இருந்தாலும் சரி, பேரப்பிள்ளைகள் முதற்கொண்டு, "அருளு தாத்தாகிட்டக் கேட்டாச்சா?" என்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.