வெள்ளை உடையில் ஒரு தெத்தாமு

"ஒரு நிமிஷம் அதை நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாருங்க."

"நிறுத்த முடியாதும்மா. இது பழைய கேம் இல்ல. பாதியில விட்டா, கூட ஆடுறவங்க ஏசுவாங்க."

"நான் ஏசினா பரவாயில்லையா?"

"இந்த ரவுண்டு முடியட்டும், பேசலாம் லா."

ரவுண்டு முடிந்து ரூபேந்திரன் நிமிர்ந்தபோது, மனைவி யோகேஸ்வரி பத்து பாகாட் ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறியிருந்தாள்.

அதற்கப்புறம் பேச்சே இல்லை. 'வீட்டுக்கு வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வந்துவிடுவாள் என்று ரூபேந்திரனுக்குத் தெரியும். தினமும் அவள் நம்பரை எடுப்பான். 'கோவிச்சுக்கிட்டுப் போனது அவதானே' என்று விட்டுவிடுவான். விட்ட கையோடு கேமைத் திறப்பான்.

அதையாவது நிம்மதியாக ஆட முடிந்ததா? திறந்தால் அப்டேட். அது முடிந்தால் விளம்பரம். 'நண்பர்களை அழைக்கலாமா?' என்று அது ஓயாமல் நச்சரித்ததில், தொலையட்டும் என்று ஒருநாள் 'சரி' என்று அழுத்தினான். போனில் நம்பர் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்பு பறந்துவிட்டது.

கோயில் தலைவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, என்னைச் சண்டைக்கு வரச் சொல்லியிருக்கீங்களே, என்ன விஷயம்?"

அதற்கு மறுநாள்தான் கேமுக்குள் அவள் வந்தாள்.

அந்தக் கேமில் உடுப்பு வாங்காதவர்களுக்கு வெறும் வெள்ளை உடைதான். அவள் தலைக்கு மேல் பெயர்கூட இல்லை. விருந்தாளி என்பதற்கு மலாயில் சொல்கிற 'தெத்தாமு' மட்டும் மிதந்தது. கையில் துப்பாக்கி இருந்தும் அவள் சுடவில்லை. புகைக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வந்து, ரூபேந்திரனுக்கு நேர் எதிரே நின்றாள். அவனையே பார்த்தாள். யாரோ சுட்டதும் செத்து விழுந்தாள்.

அடுத்த ரவுண்டிலும் வந்தாள். நின்றாள். செத்தாள்.

மறுநாள் ஹெட்போனில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கிசுகிசுப்பு.

"அடுப்பு..."

சமையலறைக்கு ஓடினான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினான்.

"சாப்பிட்டாச்சா?" என்றது குரல்.

உடனே அந்த விருந்தாளியைத் தடை செய்தான். சாயங்காலமே இன்னொரு தெத்தாமு வந்தது. அதே வெள்ளை, அதே நடை. இந்த முறை இன்னும் கிட்டே வந்து நின்று செத்தது.

அவன் வேலை பார்க்கும் ஏர்கான் கடையில் மூத்தவர் மணியம். கேமில் பேய் வருகிறது என்று அவரிடம் சொன்னான்.

"பேய்க்கு வைஃபை எதுக்குடா?" என்று சிரித்தார் மணியம்.

"சாப்பிட்டாச்சான்னு கேக்குதுண்ணே."

மணியத்தின் சிரிப்பு நின்றது. "அலமாக்! அப்ப நம்ம ஆளுங்க பேய்தான். போன்ல திருநீறு பூசு. முன்னாலயும் பூசு, பின்னாலயும் பூசு."

பூசினான். திருநீறு இடுக்கெல்லாம் புகுந்து, ஹெட்போன் வேலை செய்யாமல் போனது. ஒலியைக் கூட்டும் பட்டன் உச்சத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. இதுவரை அவன் காதுக்குள் மட்டும் கேட்ட கிசுகிசுப்பு, இப்போது வீடு முழுக்கக் கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "ரூபன், யாரு வந்திருக்கா? பாவம், சாப்பிட்டாச்சா சாப்பிட்டாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. பதில் சொல்லக்கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்கூடாயில் மழை கொட்டியது. வீடு இருண்டுவிட்டது. இனி அந்தக் கேமே வேண்டாம் என்று 'வெளியேறு' பட்டனை அழுத்தி, போனைச் சோபாவில் எறிந்தான். அலமாரியிலிருந்து பழைய கேம் பெட்டியை இறக்கினான். கேசட்டை ஊதிச் செருகினான். அப்டேட் இல்லை, அழைப்பு இல்லை. முக்கியமாக, வெளியாள் உள்ளே வர வழியே இல்லை.

கல்யாணமான புதிதில் இரண்டு கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு அவனும் யோகாவும் ஆடியது இது. நடுவில் அவள் ஏதாவது பேசுவாள். ஒரு பட்டனை அழுத்தினால் போதும், உலகமே நின்றுவிடும். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் எதிரி தூக்கிய காலைக் கீழே வைக்கமாட்டான்.

கேமின் பாட்டு ஒலிக்க, ஆட ஆரம்பித்தான். பழக்கத்தில் பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பார்த்தான். யாரும் இல்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"பழைய கேமா?"

கன்ட்ரோலர் கையிலிருந்து விழுந்தது. சோபாவில் போன் வெளிச்சமாக இருந்தது. வெளியேறு என்று சொல்லியும் அந்தப் பாழாய்ப்போன கேம் வெளியேறவே இல்லை. காத்திருக்கும் அறையில் அவனும் அந்த வெள்ளை உடைக்காரியும் மட்டும் நின்றிருந்தார்கள்.

திரையின் மூலையில் பச்சையாக ஒரு சின்ன மைக் எரிந்தது.

அவனைக் கேட்காமலே அது முதல் நாளிலிருந்து திறந்திருக்கிறது! பால் பொங்கிய சத்தம், இப்போது இந்தப் பாட்டு, எல்லாமே அந்தப் பக்கம் போயிருக்கிறது. அப்படியென்றால் கேட்டுக்கொண்டிருப்பது பேய் இல்லை, ஆள். அவன் சாப்பிட்டானா என்று கவலைப்பட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

"யோகா?"

மூச்சு மட்டும் கேட்டது.

"நீதானே யோகா? எனக்குத் தெரியும்மா." அவன் போனைக் கையில் எடுத்தான். "நீ இல்லாம தூக்கமே வரல. உன் நைட்டியத்தான் மடிச்சுத் தலைக்கு வச்சுக்கிட்டுப் படுக்கிறேன். நீயும் பாவம், உங்கம்மா வைக்கிற சாம்பாரை எத்தனை நாளைக்குத்தான் சகிச்சுக்குவ? தப்பு என்மேலதான். வீட்டுக்கு வந்துடு யோகா."

போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"யோகா உள் ரூம்ல இருக்கா மாப்பிள்ளை, அத்தை பேசுறேன். சாம்பாரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இந்த ஒரு வார்த்தைய உங்க வாயிலேர்ந்து வாங்குறதுக்குள்ள நான் எத்தனை தடவை சாக வேண்டியிருக்கு!"